நர்சம்மா வாசல் வேம்பு

என் வாயைப் பத்தி அந்த ஊருல ரெண்டு பேச்சு கிடையாது. நர்சம்மாளுக்குக் கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்னு என் காதுபடவே சொல்லுவாங்க. சொல்லிக்கட்டும். புள்ளையைக் கையாலதானே எடுக்கறேன், வாயாலயா எடுக்கறேன்?

என் பேரு இன்பமேரி. சேலத்துல, அஸ்தம்பட்டிப் பக்கம் பொறந்து வளந்தவள். மிஷன் ஆஸ்பத்திரியில பிரசவம் பாக்கப் படிச்சேன். கல்யாணமாகி ரெண்டு வருசத்துல வீட்டுக்காரர் யாகப்பனுக்குத் திருச்செங்கோட்டுல ஒரு லாரிப் பட்டறையில வேலை கிடைச்சுது. டவுனுக்குள்ள வீடு அமையலை. ஆறு மைல் தள்ளி, பஸ்சு போற ரோட்டோரமா ஒரு ஊருல, உண்ணாமலையக்காங்கறவங்க வீட்டுக்குக் குடி போனோம். ஐம்பத்திரண்டாம் வருசம்.

உண்ணாமலையக்கா அப்ப நாப்பத்தஞ்சு வயசு இருப்பாங்க. புருசன் போயிட்டாரு, ஒரே மகன். இருபது ஏக்கரா மேட்டுக்காட்டை அவங்களேதான் பாத்துக்கிட்டாங்க. கொழுந்தனார் அர்த்தநாரின்னு ஒருத்தர் கூட இருந்தாரு. அவரு பண்ணையம் பாக்கறதாத்தான் ஊருக்குள்ள பேரு. நான் பாத்த வரைக்கும் துண்டை விரிச்சுப் படுக்க எடம் பாத்ததுதான் அதிகம்.

அந்த வீடு மனுசங்க குடியிருக்கக் கட்டினதில்லை. கடலைக்காய் மூட்டை அடுக்கறதுக்குக் கட்டினது. முன்னால இருக்கற வாசல், கடலைக்காய் காயப் போடற களம். காயற எடத்துல நெழல் விழுந்தா ஆகுமா? அதனால இருந்த மரத்தையெல்லாம் மாமனார் காலத்துலயே வெட்டிச் சாச்சிருந்தாங்க. மேற்குப் பார்த்த வாசல் வேற. மத்தியானம் ரெண்டு மணிக்கு வெறுங்காலோட எறங்கினா குதிச்சுக்கிட்டே ஓடணும்.

முன் ரூமுல ஒரு கட்டில் போட்டு பிரசவம் பாக்க ஆரம்பிச்சேன். மொத ரெண்டு மாசம் எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. கொடி சுத்தின புள்ளை ஒண்ணை உசிரோட எடுத்துக் கொடுத்தேன் பாருங்க, அப்பறம் சுத்துப்பட்டு அத்தனை ஊருல இருந்தும் நடந்து வர ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு மைல், மூணு மைல், வயித்தைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. வந்தா எங்க உக்கார்றது? ரூமுக்குள்ள ஒருத்தியைப் பாத்தா மத்தவங்க வெளியதான் நிக்கணும். ஓட்டுத் தாவாரத்துக்கடியில நாலு பேருக்கு மேல ஒண்ட முடியாது. மீதிப் பேரு சேலைத் தலைப்பைத் தலையில போட்டுக்கிட்டு வெயில்ல நிப்பாங்க. நான் உள்ள இருந்து பாத்துப் பாத்து வயிறெரிஞ்சேன்.

"அக்கா, வாசல்ல ஒரு மரம் வெக்கறேன்"னு உண்ணாமலையக்காகிட்டக் கேட்டேன்.

"வைங்க நர்சம்மா. கடலைக்காயை நான் பாறையில காயப் போட்டுக்கறேன்"னாங்க. அதோட விட்டிருந்தா ஆச்சு. "ஆனா என்ன மரம்னு நாலு பேரைக் கேட்டு வைங்க. ஊட்டு முன்னால வெக்கறது பாருங்க"ன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொன்னாங்க.

நாலு பேரா வந்தாங்க? நாப்பது பேரு வந்தாங்க. மூணு வருசமா மழை பொய்ச்சுப் போயி, கிணத்துல தண்ணி இருந்த எடத்துல தவளைகூட இல்லை. காட்டு வேலை கிடையாது. ஊருக்கே பொழுது போகலை. என் மரம் கிடைச்சுது.

எங்க வீட்டுக்காரர் மொத ஆளா, "தூங்குமூஞ்சி வை மேரி. ஏற்காட்டு ரோட்டுல பாத்திருப்பே, ஒரு மரத்தடியில நாலு லாரி நிக்கும்"னாரு.

"அதுக்குத் தண்ணி யாரு, உங்க பட்டறை முதலாளி வந்து ஊத்துவாரா?"ன்னு கேட்டேன்.

புளின்னு ஒருத்தர் சொன்னாரு. மாசமா இருக்கறவ புளிய மரத்தடியில உக்கார்றதான்னு பத்துப் பொம்பளைங்க ஒரே நேரத்துல அவரை அடிக்கப் போனாங்க. அரசு வெச்சா வேரு சொவரைப் பொளந்துரும், அதுக்கு முன்னால அடியில புள்ளையார் வந்து உக்காந்துருவாரு. முருங்கை சீக்கிரம் வரும், தண்ணி கேக்காது. ஆனா ஊட்டு முன்னால வெச்சா காத்துக் கருப்பு ஏறிக்கும்னாங்க. காத்துக் கருப்பை நான் சமாளிச்சுக்குவேன், கம்பளிப்பூச்சிக்கு என்ன பண்றது? வாதநாராயணன் நல்ல மரம்தான், ஆடு விட்டு வெக்காது. குடைவேல் எந்த வறட்சிக்கும் அசையாது, ஆனா வெறுங்காலோட வர்ற பொம்பளைங்களுக்கு முள்ளு எடுக்கறதுக்கே நான் தனியா ஒரு மேசை போடணும். புங்கன் குளுகுளுன்னு இருக்கும், பூ கொட்டறப்போ நாள் பூரா சீமாறும் கையுமாத்தான் நிக்கணும். எனக்குப் பிரசவம் பாக்கற சோலி இல்லையா?

வேம்புன்னு யாரோ சொன்னாங்க. எல்லாரும் தலையை ஆட்டினாங்க. ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலை. அந்த ஊருல அத்தனை பேரும் ஒரு விசயத்துக்கு ஒத்துக்கிட்டாங்கன்னா, அங்கயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

யாகப்பன்தான் ராத்திரி சோறு திங்கறப்ப மெதுவா ஆரம்பிச்சாரு. "வேப்ப மரம்னா நாளைக்கு மஞ்சத் துணி கட்டிருவாங்க மேரி."

"வேதக்காரி வீட்டு வாசல்ல எவ வந்து கட்டுவா?"

இருந்தாலும் மனசுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அந்த மாசம் எங்க பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தாரு. கன்னு நட்டு மூணு நாள்தான் ஆயிருந்துச்சு, ஒரு சாண் உசரம். "சாமி, இதையும் மந்திரிச்சிருங்க. நம்ம மரம்னு ஆயிரட்டும்"னேன். அவரும் சிரிச்சுக்கிட்டே இலத்தீன்ல நாலு வார்த்தை சொல்லி, தீர்த்தத்தைத் தெளிச்சுட்டு பஸ்சு ஏறிப் போயிட்டாரு. இனி இந்த மரத்துக்கு ஒரு வம்பும் வராதுன்னு நான் நிம்மதியாத் தூங்கினேன். என்னைவிடப் பெரிய முட்டாள் ஜில்லாவுல இருந்திருக்க மாட்டா.

ஏன்னா வேலிக்கு அந்தப் பக்கம் முப்பது பேரு நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. வெள்ளை அங்கி போட்ட சாமியாரு, புரியாத பாசையில மந்திரம், தண்ணி தெளிக்கறாரு. ஊருல இருக்கற மத்த வேப்ப மரத்துக்கெல்லாம் இந்தப் பாக்கியம் உண்டா? சேலத்துல இருந்து சாமியாரு வந்து மந்திரிச்ச மரம்னு அன்னிக்கே பேரு ஆயிருச்சு. எனக்குத்தான் அது தெரியலை.

தண்ணிக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். என்கிட்டப் பாக்க வர்றவங்க ஆளுக்கொரு சொம்புத் தண்ணி கொண்டாந்து மரத்துக்கு ஊத்திட்டுத்தான் உள்ள வரணும். பாத்திரம் கழுவின தண்ணி, அரிசி களைஞ்ச தண்ணி, எதுவானாலும் சரி. கொண்டு வராதவளைக் கடைசியாத்தான் பாப்பேன். மொதல்ல மொணமொணத்தாங்க. அப்பறம் அவங்களுக்கே அது பழகிப் போச்சு. மாசமான சேதியை மாமியார்கிட்டச் சொல்ல வெக்கப்படற பொண்ணுங்க, "சொம்பு எடுத்துக்கிட்டு நர்சம்மா ஊட்டுக்குப் போகோணும்"னு சொல்ல ஆரம்பிச்சாங்க. சேதி புரிஞ்சுரும். யாகப்பன் பட்டறையில இருந்து ஒரு தார் டின்னைக் கொண்டாந்து, ரெண்டு பக்கமும் வெட்டி, ஆடு கடிக்காம கன்னைச் சுத்தி அணை கட்டினாரு.

மரம் வளந்துச்சு. எந்த வெயிலுக்கும் தளராம, கிணறெல்லாம் வறண்டப்பவும் அது பாட்டுக்குக் கொழுந்து விட்டுச்சு. நாலாம் வருசக் கோடையில பத்துப் பொம்பளைங்க அடியில உக்கார்ற அளவுக்கு நெழல் விரிஞ்சுது. அந்தக் கோடையை நான் மறக்கவே மாட்டேன். ஒருத்தி தலைக்கு ஒருத்தி பேன் பாப்பா. ஒருத்தி புளியம்பழம் கொண்டாந்து எல்லாருக்கும் கொடுப்பா. பெத்தவ பெறப்போறவளுக்குப் புத்தி சொல்லுவா, பாதி பொய்யா இருக்கும். நான் உள்ள இருந்து, "ஏய், அவளைப் பயமுறுத்தாதே"ன்னு கத்துவேன். எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு.

அடுத்த பங்குனியில ஊருக்குள்ள சின்னம்மை வந்துச்சு. பத்து வீட்டுல புள்ளைங்க படுத்துட்டாங்க. தழை வேணும்னு கேட்டு வந்தாங்க. ஒடிச்சுக்கிட்டுப் போங்கன்னேன். நானும் வீடு வீடா ஏறி எறங்கி, கொதிக்க வெச்ச தண்ணி குடுங்க, நகத்தை வெட்டுங்க, துணியை மாத்துங்கன்னு தொண்டை கட்டற வரைக்கும் கத்தினேன். ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் ஆகலை. எல்லாம் எழுந்து விளையாடப் போயிருச்சு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில கதவைத் திறக்கறேன், என் மரம் மஞ்சத் துணி கட்டிக்கிட்டு நிக்குது. அடியில மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு, ஒரு கல்லை நட்டிருக்காங்க. உண்ணாமலையக்கா தேங்காயோட நிக்கறாங்க.

"என்னக்கா இது?"

"பத்து ஊட்டுல ஆத்தா எறங்குனாளுங்க. எல்லாத்துக்கும் இந்த மரத்துத் தழைதான். ஒரு உசிரு போகலீங்க. ஆத்தா இங்கதான் இருக்கறா நர்சம்மா."

"ஊடு ஊடா ஏறி நாயா கத்தினது நானு. தேங்காய் மரத்துக்கா?"

"உங்களுக்கும் ஒரு மூடி வெச்சிருக்கறனுங்க"ன்னு கையில கொடுத்தாங்க. அவங்க கண்ணு கலங்கியிருந்துச்சு. மனசார நன்றி சொல்றவங்களை என்னன்னு திட்டறது? சரி, துணிதானே, கல்லுதானே, இருந்துட்டுப் போகட்டும், மாதா கோவிச்சுக்க மாட்டான்னு விட்டுட்டேன். அந்தத் தேங்காயில சட்னியும் அரைச்சேன்.

விவகாரம் மறுநாள் தொடங்குச்சு. வந்த பொம்பளைங்க தண்ணியைத் தூரத்துல இருந்தே ஊத்தினாங்க. ஊத்திட்டு வெயில்ல போயி நின்னுக்கிட்டாங்க.

"ஏன், நெழல்ல முள்ளா இருக்குது?"ன்னேன்.

"ஆத்தா இருக்கற எடமுங்க. நான் பெத்த தீட்டோட எப்படீங்க அங்க உக்கார்றது?"ன்னா ஒருத்தி. இன்னொருத்தி வீட்டுக்குத் தூரமாம். மூணாவது ஒருத்திக்கு எட்டு மாசம். ஏழு மாசத்துக்கு மேல கோயில் படி ஏறக்கூடாதாம். நல்லா யோசிச்சுப் பாருங்க. என்கிட்ட வர்ற பொம்பளைங்க யாரு? பெத்தவ, பெறப்போறவ, தூரம் சரியில்லாதவ. இந்த மூணு பேரைத் தவிர நாலாவதா யாரு வர்றா? அத்தனை பேருக்கும் மரத்தடி ஆகாதுன்னு ஆயிப் போச்சு.

நெழல் காலியா கிடந்தா யாருக்குப் பொறுக்கும்? மறு வாரமே அர்த்தநாரி துண்டை விரிச்சுட்டாரு. ஆம்பளைங்களுக்குத்தான் ஒரு தீட்டும் கிடையாதே. காட்டுல வேலை இல்லாத நாலு பேரு கூடச் சேந்தாங்க. கட்டம் போட்டு ஆடுபுலி ஆடறதும், வெத்தலை போடறதும், மத்தியானம் கொறட்டை விடறதும். என் பொம்பளைங்க ஊத்தின தண்ணியில வளந்த மரம். ஒரு ஆம்பளை ஒரு சொம்பு ஊத்தியிருப்பானா? எழுந்திரிங்கன்னா, "சாமி எடமுங்க நர்சம்மா, யாரையும் போகச் சொல்லப்படாதுங்க"ன்னு படுத்துக்கிட்டே சொல்லுவாரு அர்த்தநாரி. எனக்கு உச்சி மண்டை வரைக்கும் எரியும்.

உண்ணாமலையக்கா மருமக அத்தாயிக்கு அப்ப எட்டு மாசம். கட்டிக் கொண்டாந்து மூணு வருசம் கழிச்சு உண்டான புள்ளை. நல்ல பொண்ணு, அதிர்ந்து பேசாது. சித்திரை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை மாமியாரும் மருமகளும் வந்தாங்க. உள்ள ஒரு பிரசவம் நடந்துக்கிட்டு இருந்துச்சு, நான் நகர முடியலை. தாவாரத்துல எடம் இல்லை. மாமியார் கூட்டத்தோட பேசிக்கிட்டு இருக்க, அத்தாயி களத்து நடுவுல ஒரு மணி நேரமா வெயில்ல நின்னிருக்கறா. பத்தடியில குளுந்த நெழல். அதுல அவ சின்ன மாமனாரு அர்த்தநாரி மல்லாந்து படுத்திருக்காரு. அப்படியே சரிஞ்சு விழுந்துட்டா.

உண்ணாமலையக்கா போட்ட சத்தத்துல நான் கையில ரத்தத்தோட ஓடி வந்தேன். நல்ல வேளை, பக்கவாட்டுல விழுந்திருந்தா. தூக்கி உள்ள போட்டு, தண்ணி தெளிச்சு, வயித்துல குழாயை வெச்சுக் கேட்டேன். புள்ளை நெஞ்சு அடிச்சுக்கறது கேட்டப்பறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. உண்ணாமலையக்கா என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க. நல்லா இருக்குதுன்னேன். அப்படியே சொவத்துல சாஞ்சு உக்காந்துட்டாங்க.

எல்லாரையும் அனுப்பிட்டு வெளிய வந்தேன். அர்த்தநாரி எழுந்து உக்காந்திருந்தாரு. "ஒண்ணும் ஆகலீங்களே?"ன்னு கேட்டுட்டு, ஆகலைன்னதும் மறுபடியும் சாஞ்சாரு.

அதோட என் பொறுமை செத்துச்சு. கவுத்துக் கட்டை எடுத்தேன். ஜன்னல் கம்பியில ஒரு முனை, வேப்ப மரத்துக் கிளையில ஒரு முனை. அன்னிக்குப் பிரசவத்துக்குப் போட்ட துணி, முந்தா நாள் போட்ட துணி, எல்லாம் சோப்புப் போட்டு வேக வெச்சதுதான், ஆனா கறை கறைதானே, அத்தனையும் ஒண்ணு விடாம அதுல காயப் போட்டேன். அர்த்தநாரி மூக்குக்கு நேரா ஒண்ணு தொங்குச்சு. அவரு என்னன்னு நிமிந்து பாத்தாரு. அந்த மனுசன் அவ்வளவு வேகமா ஓடி நான் பாத்ததே இல்லை. ஆடுபுலிக் கல்லெல்லாம் அங்கங்க கிடந்துச்சு.

பொழுதோட ஊரே கூடிருச்சு. வேதக்காரி ஆத்தா மேல தீட்டுத் துணியைப் போட்டுட்டா, மழை எப்படிப் பேயும், இவளைக் காலி பண்ணச் சொல்லுங்கன்னு அர்த்தநாரி அவங்க அண்ணிகிட்ட ஒத்தைக் கால்ல நின்னாரு. உண்ணாமலையக்கா ஒரு வார்த்தையும் பேசலையாம்.

மூணு நாள் என் வாசலுக்கு ஒரு சொம்பு வரலை. யாகப்பன், "சாமான் ஏத்த லாரி கேட்டு வெக்கட்டுமா?"ன்னாரு. நான் அடுப்படியில உக்காந்து அழுதேன். வீடு போறதுக்காக அழலை. வேற வீடு கிடைக்கும். அத்தாயிக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்குது, இன்னும் ஏழு பேரு நாள் எண்ணிக்கிட்டு இருக்கறாங்க, அவங்களை யாரு பாப்பாங்கன்னு அழுதேன். என் கோபத்தை நெனச்சும் அழுதேன். அப்பவும் துணியை எடுக்கலை, அது வேற.

திங்கக்கிழமை உண்ணாமலையக்கா வந்தாங்க. கூடவே அர்த்தநாரியும் நாலு பேரும். அந்தம்மா முகத்துல ஒண்ணும் தெரியலை.

"நர்சம்மா, துணியை எடுங்க. நாளைக்குச் செவ்வாக்கிழமை. ஆத்தாளையே பூக் கேட்டுருவோம். வெள்ளைப் பூ வந்தா, பொம்பளைங்க எந்த நெலமையில இருந்தாலும் மரத்தடியில உக்காந்துக்கலாம். ஆம்பளை ஒருத்தரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. செவப்பு வந்தா நீங்க ஊட்டைக் காலி பண்ணிக்கோணும்."

பூக் கேக்கறதுன்னா அந்தப் பக்கத்துல பெரிய கோர்ட்டு மாதிரி. வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், செவப்புப் பூ ஒரு பொட்டணம், இலையில ஒரே மாதிரி சுருட்டிச் சாமி முன்னால போடுவாங்க. விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லுவாங்க. வெள்ளைன்னா சாமிக்குச் சம்மதம், செவப்புன்னா இல்லை. பொண்ணு கட்டறதுல இருந்து கிணறு வெட்டறது வரைக்கும் அப்படித்தான் முடிவு பண்ணுவாங்க. வந்ததுக்கு மேல ஒருத்தரும் பேச மாட்டாங்க.

"எனக்கு இதுல நம்பிக்கை இல்லைக்கா"ன்னேன்.

"எங்களுக்கு இருக்குதுங்களே. ஊரு எங்களுதுங்களே"ன்னாங்க. சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டாங்க. எனக்குப் பொறுக்கலை. அவ மருமகளை நான் தூக்கிப் போட்டுக் காப்பாத்தினேன், என் பொழைப்பை ஒரு பூவுல கொண்டு போயி வெக்கறாளேன்னு ரெண்டு நாள் திட்ட வேண்டியதை ஒரே ராத்திரியில திட்டித் தீத்தேன். நடுவுல ஜெபமாலையும் சொன்னேன்.

மறுநாள் காலையில ஊரே வாசல்ல நின்னுச்சு. ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். ரெண்டு பொட்டணத்தையும் உண்ணாமலையக்காவே சுருட்டிக் கொண்டாந்திருந்தாங்க. ஆமணக்கு இலையில, வாழை நாரு சுத்தி, எது எதுன்னு சொல்ல முடியாது. வெளக்கு வெச்சு, தேங்காய் உடைச்சு, சூடம் கொளுத்திக் கும்பிட்டுட்டு ரெண்டையும் கல்லு முன்னால போட்டாங்க. எடுக்கறதுக்கு மூணு வயசுப் புள்ளை ஒண்ணைக் கூட்டியாந்தாங்க, சென்னியம்மாள்னு பேரு. நான் எடுத்த புள்ளைதான்.

அது ஒண்ணைத் தொட்டுச்சு. பிடிக்கலை போல, விட்டுருச்சு. இன்னொண்ணை எடுத்து வாயில வெக்கப் போச்சு. அப்பறம் கீழ போட்டுட்டு எங்களையெல்லாம் பாத்துச் சிரிச்சுச்சு. "அம்முணி, அந்தக்கட்டால, அந்தப் பக்கமா இருக்கறதை எடு சாமி"ன்னாரு அர்த்தநாரி. "நீங்க சும்மா நில்லுங்க, அது எதை எடுத்தாலும் சரி"ன்னு உண்ணாமலையக்கா அதட்டிட்டு, வெளக்குத் திரியை நிதானமாத் தூண்டி விட்டாங்க. இந்தம்மாளுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்குதான்னு நெனச்சேன்.

புள்ளை கடைசியா ஒண்ணை எடுத்து என்கிட்டக் கொண்டாந்து நீட்டுச்சு. உண்ணாமலையக்கா வாங்கி, எல்லாருக்கும் தெரியற மாதிரி தூக்கிப் பிடிச்சு நாரைப் பிரிச்சாங்க. வெள்ளை அரளி.

பொம்பளைங்க பக்கம் ஒரு சத்தம் எழுந்துச்சு பாருங்க, மரத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்துருச்சு. அத்தாயி யாரையும் கேக்கலை. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நடந்து போயி, கல்லுக்குப் பக்கத்துலயே காலை நீட்டி உக்காந்தா. அவ பின்னால ஒருத்தி, அவ பின்னால இன்னொருத்தி. நான் மூக்கைச் சிந்திக்கிட்டே, "உள்ள வர்றதுக்கு முன்னால சொம்பு எங்கடி?"ன்னு அதட்டினேன்.

"அப்ப நாங்க எங்கீங்க அண்ணி போறது?"ன்னாரு அர்த்தநாரி.

"ரோட்டோரம் எடம் கிடக்குது. ஒரு மரம் நட்டுத் தண்ணி ஊத்தி வளத்துங்க"ன்னாங்க உண்ணாமலையக்கா.

என்ன மரம் நடலாம்னு ஆம்பளைங்க அங்கயே பேச ஆரம்பிச்சாங்க. புளின்னாரு ஒருத்தரு, வாகைன்னாரு ஒருத்தரு. பேசிக்கிட்டே ரோட்டுக்குப் போயிட்டாங்க. மத்தியானம் வரைக்கும் அந்தச் சண்டை கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

எல்லாரும் போனப்பறம் நான் வாசலைக் கூட்டினேன். சூடத்துக் கரி, நாரு, இலை எல்லாம் கிடந்துச்சு. மீதி இருந்த ஒரு பொட்டணம் பிரிக்காம கல்லோரமா கிடந்துச்சு. என்னைக் காலி பண்ண இருந்த பூவு எப்படித்தான் இருக்குதுன்னு பாத்துருவோம்னு பிரிச்சேன்.

அதுவும் வெள்ளை அரளி.

நிமிந்து பாத்தா உண்ணாமலையக்கா தேங்காய் மூடியை எடுக்கத் திரும்பி வந்தவங்க, எதுத்தாப்புல நிக்கறாங்க. நான் கையை நீட்டிக் காட்டினேன்.

"இந்த வறட்சியில செவ்வரளி எங்கீங்க பூக்குது"ன்னாங்க.

அவங்க காட்டு வேலி பூரா செவ்வரளிதான். எந்த வெயிலுக்கும் அசையாம அந்தச் சித்திரையிலயும் ரத்தமாப் பூத்துக் கிடந்துச்சு. அது எனக்குத் தெரியும்னு அவங்களுக்கும் தெரியும்.

"அக்கா, உங்க ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா?"

அந்தம்மா முந்தானையால முகத்தைத் தொடச்சாங்க. குரலு இறங்கிப் போச்சு. "என்ற மருமக விழுந்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கலீங்க நர்சம்மா. பத்தடியில நெழல் இருக்க வெயில்ல நின்னு விழுந்தா. நான் கட்டுன மஞ்சத் துணிதானுங்க அவளைத் தள்ளுச்சு. செவப்புன்னு ஒண்ணை வெச்சு, அந்தப் புள்ளை அதை எடுத்திருந்தா நான் என்னங்க பண்ணியிருப்பேன்? ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க ஊருக்குள்ள வாயை உட்டுறாதீங்க, உங்க வாயை நெனச்சாத்தான் எனக்குப் பயம்."

நான் அவங்களைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் கொஞ்சம் அழுதோம், அப்பறம் சிரிப்பு வந்துருச்சு. அவங்க தேங்காய் மூடியை எடுத்துக்கிட்டு, அத்தாயிக்குக் கஞ்சி வெக்கணும்னு போயிட்டாங்க.

அந்தப் பூவை நான் குப்பையில போடலை. உள்ள கொண்டு போயி மாதா படத்துக்கு வெச்சேன். ஞாயித்துக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல, பண்ணின பாவத்தையெல்லாம் சொல்லி வர்றப்ப, சாமியாரு, வேற ஏதாவது உண்டாம்மான்னு கேட்டாரு. கோபப்பட்டேன், வீட்டுக்காரக்காவை ஒரு ராத்திரி பூரா திட்டினேன், அவ்வளவுதான் சாமின்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்.